சஃபூ மரம்: விண்பதியத்தில் வேர் வருகிறது, வெட்டி நட்டால் கருகுகிறது

யாவுண்டேவாசி:
கேமரூனில், யாவுண்டேயை ஒட்டிய ஒரு பண்ணையில் வேலை பார்க்கிறேன். தெருவோரம் தணலில் சுட்டு விற்கும் ஊதா நிறச் சஃபூப் பழத்துக்கு நாக்கு அடிமையாகிவிட்டது. விதை போட்டால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். காத்திருந்த பிறகு அது ஆண் மரமாக நின்றால் அத்தனையும் வீண். அதனால் நன்றாகக் காய்க்கும் மரமொன்றில் 12 கிளைகளில் விண்பதியம் போட்டேன்; அதாவது, கிளையை வெட்டாமலே அதன் பட்டையை வளையமாக உரித்து, அங்கே ஈர மண்ணை உருண்டையாக வைத்துத் தெளிவான தாளால் கட்டினேன். 9 கிளைகளில் வேர் வந்தது. தாள் வழியே வெள்ளை வேர் தெரிந்ததும் ஜனவரியில் வெட்டிப் பையில் நட்டேன். மூன்றே வாரத்தில் 7 கருகிவிட்டன. தண்ணீர் ஒருநாளும் தவறவில்லை. எங்கே பிழை?

பூவரசு:
இவ்வளவு பாடு எதற்கு? முருங்கை போலப் போத்து வெட்டி மழைக்கு முன் ஊன்றிவிடுங்கள்.

ஒட்டுக்கத்தி:
பூவரசு ஐயா, முருங்கையைத் தலைகீழாக ஊன்றினாலும் துளிர்க்கும். சஃபூவின் முதிர்ந்த கிளைக்குச்சி எளிதில் வேர் பிடிக்காது. வெட்டிய அடிக்கட்டையில் வரும் இளந்துளிர் வேர் பிடிக்கும்தான், ஆனால் அது குழந்தைப் பருவத் துளிர். காய்க்க மறுபடி காத்திருக்க வேண்டும். காய்க்கும் கிளையையே வேர்விடச் செய்வதால்தான் விண்பதியத்தில் அந்தக் காத்திருப்பு மிச்சமாகிறது.

தம்பி, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். வெள்ளை வேர் பச்சைக் குழந்தை மாதிரி. அது பழுப்பேறி, பக்கவேர் கிளைத்து, உருண்டையை நிறைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்து, ஜனவரி அங்கே வறண்ட காலம். மார்ச்சில் மழை தொடங்கிய பின் வெட்டியிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும். இலைகளைக் குறைத்தீர்களா?

யாவுண்டேவாசி:
இல்லை. பச்சைப்பசேலென்று இருந்ததால் மனம் வரவில்லை.

ஒட்டுக்கத்தி:
அந்தப் பச்சைதான் கொன்றது. அத்தனை இலைக்கும் நீர் ஏற்ற அந்த நாலு வேரால் முடியாது. நீங்கள் ஊற்றிய தண்ணீர் பையில் தேங்கி வேரை அழுகவும் வைத்திருக்கும். இலைகளைப் பாதியாக நறுக்கி, நிழலில் ஈரப்பெட்டிக்குள் வையுங்கள். மரச்சட்டம், அடியில் நீர் கசியாத தாள், அதன்மேல் கல், சரளை, மணல் அடுக்கு. கல் அடுக்கில் நீர் தேங்கி நிற்க வேண்டும். மேலே தெளிவான பாலித்தீன் மூடி. மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத ஊர்களுக்கென்று வெப்பமண்டல மர ஆய்வாளர் ராஜர் லீக்கியும் உடன் பணியாற்றியோரும் 1990இல் எழுதிய வடிவம் இது. துளிர் வந்த பிறகு மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குங்கள்.

தாமலே:
வடக்கு கானாவில், கொட்டையிலிருந்து வெண்ணெய் எடுக்கும் ஷியா மரத்தோடு மல்லுக்கட்டுகிறேன். எங்களுக்கு ஒட்டுக்கட்டுவதுதான் வழி. குச்சியை வெட்டினால் பால் வடிந்து ஒட்டுவாயை அடைத்துவிடுகிறது. நீரில் ஊறவைத்துப் பாலை வடித்த பிறகு கட்டினேன், பரவாயில்லை. ஒட்டுச்செடிக்கு ஆணிவேர் உண்டு, விண்பதியத்துக்குக் கிடையாது. காற்று வீசும் மேட்டில் நட்டுவிடாதீர்கள், தம்பி.

யாவுண்டேவாசி:
பெட்டி செய்து, மிஞ்சிய இரண்டையும் உள்ளே வைத்துவிட்டேன். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒன்றில் பூங்கொத்து வந்திருக்கிறது! விட்டுவைக்கலாமா?

ஒட்டுக்கத்தி:
ஆசையாகத்தான் இருக்கும். கிள்ளிவிடுங்கள்.