புதுப்பிப்பு: படிப்பை விடவில்லை

இறுதி வருடம் படிக்கும்போது எதிர்பாராமல் கர்ப்பம், கையில் காசில்லை, படிப்பை நிறுத்தட்டுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அக்காமார் எல்லோருக்கும் நன்றி. நிறுத்தவில்லை.

முதலில் போனது எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (கர்ப்பிணிகளைப் பார்க்கும் அரசாங்க மருத்துவிச்சி). கர்ப்பம் 8 வாரம் ஆகும் முன்னே பதிவது நல்லதாம், எனக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது. ஆனாலும் ஏசவில்லை, பக்கத்தில் இருத்திப் பேசினார். கிளினிக், இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் இலவசம். திரிபோஷா என்கிற சத்துமாவும் தருகிறார்கள். மாமி அதில் தேங்காய்ப்பூவும் சக்கரையும் போட்டு உருண்டை பிடித்துத் தருவா. நிலாவெளி பஸ்ஸில் வாந்தி வராமல் போய்ச்சேர அதுதான் கைகொடுக்கிறது.

அப்புறம், பரீட்சை. பிரசவத் திகதியோடு முட்டினால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து அடுத்த முறை எழுதலாம், அது முதல் தடவையாகவே கணக்கெடுக்கப்படும் என்று விரிவுரையாளர் சொன்னார். இதே நிலையில் இருக்கும் தங்கச்சிமாரே, உங்கள் பீடத்திலும் விதியை இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காசு இன்னும் இறுக்கம்தான். கணவர் கடலுக்குப் போகாத நாளில் கடன். குழந்தை உடுப்பை அக்கா தருவதாகச் சொல்லிவிட்டா. திருகோணமலையில் பழைய தொட்டில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.