டெக்சாஸ் பண்ணைக் குட்டையில் பாசனம்: அனுமதி பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். டெக்சாஸில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையின் குறுக்கே கரை போட்ட மாட்டுக் குட்டை இது. நீர்ப்பரப்பு 1.5 ஏக்கர், அதிகபட்ச ஆழம் 10 அடி. பரப்பு × ஆழம் × 0.4 என்று கணக்கிட்டால் 6 ஏக்கர்-அடி (ஒரு ஏக்கர்-அடி என்பது ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் நீர்), அதாவது சுமார் 74 லட்சம் லிட்டர்.

மாநில நீர்ச் சட்டம் பிரிவு 11.142, சொந்த நிலத்தில் 200 ஏக்கர்-அடி வரை வீட்டுக்கும் கால்நடைக்கும் அனுமதியின்றித் தேக்க விடுகிறது. பலர் சறுக்குவது இங்கேதான்: விலக்கு அளவைப் பொறுத்தது மட்டுமல்ல, பயன்பாட்டையும் பொறுத்தது. விற்பனைக்காகக் கொட்டை விளைவிக்கும் பெக்கான் மரங்களுக்கு அதே தண்ணீரைப் பாய்ச்சினால், குட்டை எவ்வளவு சிறியதானாலும் பிரிவு 11.143-இன்படி அனுமதி வேண்டும். வறட்சியில் மூத்த உரிமைக்காரருக்கே (முன்பே நீர் உரிமை பெற்றவருக்கே) முதலிடம் என்பதால் தாமதிப்பதும் நல்லதல்ல.

கேட்க விரும்புவது: விண்ணப்பத்தில் பாசன அளவோடு ஆவியாகும் நீரையும் சேர்த்துக் காட்ட வேண்டுமா? கிணற்று நீரை இதே குட்டையில் விட்டு எடுத்தால், ஓடை நீரிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட மீட்டர்களை எங்கெங்கே பொருத்தினீர்கள்? ஓடையை விட்டு விலகித் தனிக்குட்டை வெட்டுவது மேலா?

அனுமதி வாங்கியவர்கள் இணைத்த வரைபடங்களின் விவரம் சொன்னால் பெரிய உதவி.