கொல்லைக்கு வரும் மரங்கொத்திகள்: ஓர் இனமா, இரண்டா?

கேள்வி (திருவையாறு)
வணக்கம். குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. இடி விழுந்து மொட்டையாகிவிட்ட கொல்லைத் தென்னையை வெட்டாமல் விட்டிருக்கிறோம். அதனடியில் மண்சட்டியில் தண்ணீரும், பழுத்த பப்பாளித் துண்டுகளும் வைத்துவருகிறேன். அங்கே இரண்டு மரங்கொத்திகள் வருகின்றன. இரண்டுக்கும் முதுகு பொன்மஞ்சள். ஆனால் ஒன்றுக்கு நெற்றியிலிருந்தே உச்சி முழுவதும் சிவப்பு. மற்றதற்குப் பின்கொண்டை மட்டுமே சிவப்பு. நெற்றியிலும் முன்னுச்சியிலும் கருப்பின்மேல் குருணை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். இவை வெவ்வேறு இனங்களா?

பதில் (மன்னார்குடி)
தாங்கள் பார்ப்பது பொன்முதுகு மரங்கொத்தியின் ஆணும் பெண்ணும் என்றே கருதுகிறேன். உச்சி முழுவதும் சிவந்திருப்பது ஆண். புள்ளியிட்ட முன்னுச்சி பெண்ணுக்குரியது. தலையின் நிறத்தை வைத்து இனம் பிரிக்கப் புகுந்தால் ஒரே இணையை இரண்டாக எண்ணிவிடுவோம்; நானே பல மாதங்கள் அப்படித்தான் குறித்துவைத்திருந்தேன். நம் தென்னந்தோப்புகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. எறும்புதான் இதன் முதன்மை உணவு என்றாலும் பழத்தையும் கொத்தும்.

பதில் (திருச்சி)
மேலே சொன்னது சரியே. ஆயினும் வெண்பிடரி மரங்கொத்தியையும் ஒருமுறை விலக்கிவிட்டு முடிவுசெய்வது நல்லது. அதுவும் பொன்னிறச் சிறகுடையது. ஆனால் பிடரியிலிருந்து நடுமுதுகு வரை வெள்ளை இறங்கியிருக்கும், பெண்ணின் உச்சி மஞ்சளாக இருக்கும், தொண்டை வெள்ளையாக மெல்லிய கருங்கோடுகளோடு தெரியும். பொன்முதுகுக்கோ தொண்டை கருப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், பிடரியும் கருப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் உள்ள பெரிய பொன்முதுகு மரங்கொத்திக்கு வாலடி முதுகு சிவப்பு; நம் ஊர்ப் பறவைக்கு அவ்விடம் கருப்பு. உட்கார்ந்திருக்கும்போது சிறகு அதை மறைத்துவிடும் என்பதால், பறந்து எழும் நொடியில் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை ஆறரை மணிக்குப் புள்ளி நெற்றிப் பறவை வந்தது. வாலை மரத்தில் ஊன்றியபடி, திரும்பாமல் பின்பக்கமாகவே சறுக்கிச் சறுக்கிச் சட்டி வரை இறங்கியது. தண்ணீர் குடிக்கத் தலையை நிமிர்த்தியபோது தொண்டையின் கருப்பும் வெள்ளைப் புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன. பிடரியில் வெள்ளை இல்லை. அது வீரிட்டுக் கத்திக்கொண்டு எழுந்தபோது வாலடியும் கருப்பாகவே இருந்தது. அந்தக் குரலுக்கு மொட்டை மரத்தின் பொந்திலிருந்து இன்னொரு தலை எட்டிப்பார்த்தது. அதன் உச்சி முழுவதும் சிவப்பு.