வீட்டு ஸ்டுடியோவில் மானிட்டர் ஸ்பீக்கர்களின் ஒலியளவை எத்தனை டெசிபலில் நிறுத்துவது?

வணக்கம். கோவையில் 10 அடிக்கு 11 அடி அளவுள்ள படுக்கையறையில் பாடல்களை மிக்ஸிங் செய்து வருகிறேன். யமஹா எச்எஸ்5 மானிட்டர்கள் இரண்டும் காதிலிருந்து மூன்றரை அடி தொலைவிலும், பின்சுவரிலிருந்து ஓர் அடி தள்ளியும் உள்ளன. அவற்றில் எந்தப் பழுதும் இல்லை.

கடந்த மூன்று மாதங்களாக, ஐந்தாறு மணி நேரம் வேலை செய்த நாட்களில், இரவில் வலது காதில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. காலையில் அது மறைந்துவிடுகிறது. காது மருத்துவரிடம் காட்டினேன். செவித்திறன் சோதனை இயல்பாகவே இருந்தது. சத்தத்தைக் குறைக்குமாறு மட்டும் சொன்னார்.

கைபேசிச் செயலியில் அளந்தபோது, நான் வழக்கமாகக் கேட்கும் அளவு, பேஸ் எனும் தாழ்சுருதி ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் ஏ-வெயிட்டிங்கில் சராசரியாக 82 டெசிபலும், அந்த பேஸ் ஒலியையும் ஏறத்தாழ முழுமையாகக் கணக்கில் கொள்ளும் சி-வெயிட்டிங்கில் 88-உம் காட்டியது. அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் பணியிடங்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் (ஏ-வெயிட்டிங்) என்பதால், அதற்குள்தான் இருக்கிறேன் என்று நம்பியிருந்தேன்.

மானிட்டரில் பேஸைக் குறைக்க உள்ள, அறைக்கான சுவிட்சை மைனஸ் 2 டெசிபலில் வைத்தேன்; மணிக்கொருமுறை பத்து நிமிடம் ஓய்வும் எடுத்தேன். ஒலியை 70-க்குக் குறைத்தால் ரீங்காரம் வருவதில்லை. ஆனால் குறைந்த ஒலியில் நம் காதுக்கு பேஸ் மங்கலாகவே கேட்கும் என்பதால், என்னையறியாமல் அதைக் கூட்டிவிடுகிறேன். காரில் கேட்கும்போது பாடல் முழுதும் அதிர்கிறது. ஹெட்போனுக்கு மாறுவதில் எனக்கு விருப்பமில்லை.

இத்தகைய சிறிய அறையில், பிங்க் நாய்ஸை (ஒலியளவை அமைக்கப் பயன்படும் சீரான சோதனை இரைச்சல்) ஒலிக்கவிட்டு ஒவ்வொரு ஸ்பீக்கரையும் சி-வெயிட்டிங்கில் எத்தனை டெசிபலுக்கு அமைத்து நீங்கள் நாள்தோறும் வேலை செய்கிறீர்கள்?