ஷூபர்ட்டின் ‘டெர் க்ரைஸெ கோப்ஃப்’: எவ்வளவு சுதி இறக்கலாம்?

சுங்கைசிப்புட்_பாரிட்டோன்: வணக்கம். எங்க பட்டணத்து டேவானில் (மண்டபத்தில்) முதியோர் தின நிகழ்ச்சிக்கு ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டோட இந்த ஜெர்மன் பாட்டை (‘நரைத்த தலை’) எடுத்திருக்கேன். மூல சுதி சி மைனர் எனக்கு உயரம். டேவானில் பழைய அப்ரைட் பியானோ உண்டு, இல்லன்னா 61 கீ கீபோர்டு. எத்தனை இறக்கலாம்? கிழவர் பாடற மாதிரி குரலை நடுக்கலாமா?

லீடர்_ரசிகை: நடுக்க வேண்டாம். பாடுறவன் இளைஞன். உறைபனி விழுந்து தலை வெளுத்ததும் கிழவனாயிட்டோம்னு சந்தோஷப்படுறான். பனி உருகி முடி மறுபடி கருத்ததும், பாடை ஏற இன்னும் எவ்வளவு தூரம்னு மிரள்றான். நடுக்கினா அந்தக் குரூரக் கிண்டலே போச்சு. வில்ஹெல்ம் முல்லரின் கவிதைக்கு 1827-ல் இசையமைச்சப்போ ஷூபர்ட்டுக்கே 30 வயசுதான். 24 பாட்டுள்ள ‘வின்டர்ரைஸெ’ (குளிர்காலப் பயணம்) தொகுப்பில் இது 14-வது.

முதியோர் முன்னாடி பாடைப் பாட்டா? யோசிங்க. ஷூபர்ட்டோட ‘க்ரைஸென்கெஸாங்’ (முதியவர் பாட்டு) இருக்கு: கூரையில் பனி, வீட்டுக்குள்ள கதகதப்பு. தாழ்ந்த குரலுக்கும் தோது.

துணைப்பியானோ: இதையே பாடுறதுன்னா மூணு அரைச்சுரம் இறக்கி ஏ மைனர். பீட்டர்ஸ் நிறுவனத்தோட ஸ்கோர் (இசைக்குறிப்பு) பதிப்பு உயர், நடு, தாழ் குரல்களுக்குத் தனித்தனியா வருது. கீபோர்டுன்னா வாசிக்கிறவர் சி மைனர் ஸ்கோரையே வாசிக்கட்டும், கீபோர்டில் சுதி மாத்துற டிரான்ஸ்போஸை -3-ல் வைங்க. ஏ மைனர் ஸ்கோரை வச்சு வாசிச்சா அடிச்சுரம் சிலது 61 கீக்கு வெளியே போயிடும்.

முன்னிசையில் சி அடியில் நிற்க, மேலே டிமினிஷ்ட் கார்டு (பதற்றமா ஒலிக்கிற சுரக்கூட்டு) உரசும். பெடலை மிதிச்சபடியே விட்டா எல்லாம் குழம்பும். சி-யை விரலால் பிடிச்சுக்கிட்டு, கார்டு மாறும்போது பெடலை மாத்தணும். ஸ்கோரில் வேகத்துக்குப் போட்டிருக்கிற ‘எட்வாஸ் லாங்ஸாம்’னா கொஞ்சம் மெதுவா, அவ்வளவுதான். இழுத்தா முதல் வரியின் நீண்ட வளைவுக்கு மூச்சு பத்தாது.

அப்ரைட்டை நம்புறதுக்கு முன்னாடி ‘வீ வைட் நொஃக்’ (இன்னும் எவ்வளவு தூரம்) வரியைப் பாடிப் பாருங்க. அங்க பியானோவும் குரலும் ஒரே மெட்டில் வெறுமனே போகுது, மறைக்கக் கார்டு கிடையாது. ஏர்கான் ஓடினா ஒலிப்பலகை காய்ஞ்சு நடு ஸ்தாயி இறங்கும். அதனால நிகழ்ச்சிக்குப் போடுற அதே ஏர்கான் அளவில் அறையை வச்சபிறகே டியூன் பண்ணச் சொல்லுங்க. ஈரத்தில் ஊதி ஒட்டிக்கிற கீயையும் அப்பவே காட்டிடுங்க.

லீடர்_ரசிகை: உச்சரிப்பு: ‘நொஃக்’ முடிவுல மலாய் ‘khabar’ சொல்லுல வர்ற ‘kh’ ஒலி. ஆனா ‘இஷ்’ மாதிரி கேட்கிற ‘ich’-க்கு அது ஆகாது; ‘ஈ’ சொல்ற நாக்கோட காத்தை மட்டும் விடுங்க. ‘யூபர்ஸ்’ (übers) சொல்லுக்கு நாக்கு ‘ஈ’, உதடு ‘ஊ’. ‘ஷ்வார்ட்ஸெ’ (schwarze, கருத்த) சொல்லில் ‘ட்ஸ்’ விழணும், ‘ஜ’ ஆக்கிடாதீங்க.

சுங்கைசிப்புட்_பாரிட்டோன்: நன்றி. ‘க்ரைஸென்கெஸாங்’ பாக்குறேன். அதுக்கும் 61 கீ போதுமா?

துணைப்பியானோ: அது பேஸ் (ஆண்களில் ரொம்பத் தாழ்ந்த) குரல் பாட்டு, பியானோ இடது கை இன்னும் கீழே போகும். 88 கீ தேடுங்க.