முட்டை சுமந்த இறால்

நண்டு, இறாலோடு உங்களுக்கு நடந்த கதையை எழுதுங்கள் என்று இங்கே கேட்டிருந்தார்கள். கொழும்புப் பக்கக் கல்கிசைக் கடற்கரை மணலில் பேய் நண்டைத் துரத்திய கதைகளைப் பலர் எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது கொழும்பு வெள்ளவத்தைச் சமையலறையில் நடந்தது.

ஒரு ஞாயிறு சந்தையில் கடல் இறாலோடு குளத்து இறாலும் அரைக் கிலோ வாங்கி வந்தேன், நீண்ட நீலக் கொடுக்கு உள்ள பெரிய இனம். உரிக்க உட்கார்ந்த மாமி ஒன்றைத் திருப்பிப் பிடித்து, "இஞ்ச பாரும் பிள்ளை, வயித்தில முட்டை" என்றார். நீந்தும் கால்களுக்கிடையே செம்மஞ்சள் மணிகள் நூற்றுக்கணக்கில். விரலால் தள்ளியும் உதிரவில்லை. "கடல் இறால் நாப்பது வருசமா உரிக்கிறன், ஒருநாளும் இப்பிடிக் கண்டதேயில்லை."

மாமி கண்டது முழுக்கச் சரி. வரி இறால், வெள்ளை இறால் எல்லாம் முட்டையை நேரே கடல் நீரில் விட்டுவிடும். குளத்து இறால் குஞ்சு பொரிக்கும்வரை வயிற்றோடு சுமக்கும். இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாம் அடங்கும் பத்துக்காலிகள் வரிசைக்கு 1802இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் லத்ரேய். இன்று அதில் ஏறத்தாழ 15,000 இனங்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தையும் முதலில் இரண்டாகப் பிரிக்கிற கோடு இந்த இடத்தில்தான் விழுகிறது: முட்டையை விட்டுவிடுபவை ஒரு பக்கம், சுமப்பவை மறுபக்கம். செவுளும் வேறு. கடல் இறாலுக்கு அது மரக்கிளை மாதிரிப் பிரியும்.

அப்புறம் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தோம். கடல் இறாலின் வால் ஓடுகள் கூரை ஓடு போல ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னோக்கிப் படிந்திருந்தன. குளத்து இறாலில் இரண்டாவது ஓடு மட்டும் அகன்று, முன்னதையும் பின்னதையும் சேர்த்து மூடியிருந்தது. கடல் இறாலின் முதல் மூன்று சோடிக் கால்களிலும் குட்டிக் கொடுக்குகள். மற்றதில் இரண்டு சோடியில் மட்டும்.

இதில் என்னை உலுக்கியது உறவுமுறைதான். முட்டை சுமக்கும் பக்கத்தில்தான் நண்டும் சிங்கி இறாலும் இருக்கின்றன. அப்படியென்றால் குளத்து இறாலுக்கு நண்டுதான் கிட்டின சொந்தம். இறால் என்று ஒரே பெயரில் கூப்பிடுகிற கடல் இறால் தூரத்துச் சொந்தம்.

இதைச் சொன்னதும் மாமி கொஞ்சம் யோசித்தார். "ஓம், பெட்டை நண்டும் வயித்து மடலுக்குள்ளதானே முட்டையை வச்சிருக்கும்" என்றார். முட்டை இறாலைத் தனியே எடுத்து வைத்து, பேத்திக்கு முதலில் காட்டினார்.