பெரியம்மாவின் போனில் இடமில்லை

குழு: உவர்மலைக் குடும்பம்
சனிக்கிழமை

[மாலை 6:42] பெரியம்மா: பிள்ளைகள், மகள் அனுப்பின பேரனின் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, இறங்கவில்லை. போனில் இடமில்லை என்று வருகிறது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கித் தரலாம் என்றார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கட்டோ?

[மாலை 6:44] நான்: வேண்டாம் பெரியம்மா. இப்போதைக்கு ஒன்றையும் அழிக்கவும் வேண்டாம், யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம்.

[மாலை 6:45] தம்பி: ஓம் பெரியம்மா. அவர்கள் சொல்வது ஃபாக்டரி ரீசெட். வேறு இடத்தில் பிரதி எடுத்து வைக்காமல் அதைச் செய்தால் உள்ளே இருப்பது முழுக்கப் போய்விடும்.

[மாலை 6:45] ரொறன்ரோ அக்கா: அம்மா!! அதில் அப்பாவின் வாய்ஸ் எல்லாம் இருக்கிறது.

[மாலை 6:48] பெரியம்மா: அதுதான் மகள் எனக்கும் பயம். அதனால்தான் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தேன். அப்பாவின் நம்பர் இப்போது வட்ஸ்அப்பில் இல்லை என்று காட்டுகிறது. அவர் அனுப்பியதும் போய்விடுமோ?

[மாலை 6:50] தம்பி: போகாது. 120 நாள் ஒரு கணக்கைப் பாவிக்காமல் விட்டால் வட்ஸ்அப் பொதுவாக அதை நீக்கிவிடும். ஆனால் உங்கள் போனில் இருக்கும் பழைய உரையாடல் உங்களுடையது. நீங்களாக அழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.

[மாலை 6:52] நான்: பெரியம்மா, எதை அழிப்பது என்று யோசிக்க வேண்டாம். எதை இழக்கவே கூடாது என்று மட்டும் சொல்லுங்கள்.

[மாலை 6:57] பெரியம்மா: உங்கள் பெரியப்பாவின் குரல். வீட்டு உறுதியின் படம். கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பேரன் பிறந்த நாள் தொட்டு மகள் அனுப்பியவை. நான் ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்த பிரியாவிடை. அவ்வளவுதான் பிள்ளை.

[மாலை 6:58] நான்: உங்கள் போன் 64 ஜிபி. நீங்கள் சொன்னதெல்லாம் சேர்த்தாலும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. மிச்சம் முழுக்க மற்றவர்கள் அனுப்பித் தானாக இறங்கியவை. அதனால் இந்த ஐந்தையும் முதலில் பத்திரமாக்குவோம். அதற்குப் பிறகு அழிக்கும்போது கை நடுங்கத் தேவையில்லை.

[மாலை 7:01] நிலாவெளி மாமா: அக்கா, ஏன் இவ்வளவு கஷ்டம்? வட்ஸ்அப் ஒவ்வொரு நாளும் விடிய 2 மணிக்குக் கூகுளுக்கு பேக்கப் எடுக்கிறதுதானே. அங்கே எல்லாம் இருக்கும்.

[மாலை 7:06] தம்பி: மாமா, அங்கேதான் கனபேர் ஏமாறுகிறார்கள். அந்த பேக்கப் போனில் இன்றைக்கு இருப்பதன் நகல் மட்டும்தான். நாளைக்குப் போனில் ஒன்றை அழித்தால் அடுத்த பேக்கப்பில் அதுவும் இராது, பழைய நகலின் மேல் புதியது வந்து உட்கார்ந்துவிடும். போன் தொலைந்தால் உதவும். பழையதைச் சேர்த்து வைக்க உதவாது. கூகுளின் இலவச 15 ஜிபியும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. முன்பு ஆண்ட்ராய்டு வட்ஸ்அப் பேக்கப்பை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, 2024 தொடக்கத்தில் இருந்து சேர்க்கிறார்கள். பெரியம்மாவின் கணக்கும் நிரம்பியிருந்தால் பேக்கப் நின்றே போயிருக்கும்.

[மாலை 7:08] ரொறன்ரோ அக்கா: என்னுடைய ஐபோனில் இன்னும் மோசம், ஐகிளவுட் 5 ஜிபிதான் சும்மா தருகிறார்கள்.

[மாலை 7:09] அம்மா: நான் கூகுள் போட்டோஸ் போட்டிருக்கிறேன். படமெல்லாம் அங்கே போய்விடும் என்றுதானே தம்பி சொன்னவன்?

[மாலை 7:13] நான்: அம்மா, கேமராவில் நீங்கள் எடுத்த படங்கள்தான் தானாகப் போகும். வட்ஸ்அப்பில் வந்த படங்கள் வேறு ஃபோல்டரில் கிடக்கின்றன. கூகுள் போட்டோஸின் பேக்கப் செட்டிங்ஸில் அந்த ஃபோல்டரை நாங்களாகப் போய் ஓன் பண்ணினால்தான் அவை போகும். பெரியம்மாவுக்கு முக்கியமான படம் எல்லாம் வட்ஸ்அப்பில் வந்தவை. ஒன்றுகூட மேலே, அதாவது கூகுள் கணக்குக்கு, போயிருக்காது என்று நினைக்கிறேன், நாளைக்குப் பார்ப்போம்.

[மாலை 7:14] நான்: இன்னொன்றையும் கவனியுங்கள். கூகுள் போட்டோஸுக்குள் நின்று ஒரு படத்தை அழித்தால் மேலேயும் போகும், போனிலும் போகும். போனில் மட்டும் இடம் விட வேண்டும் என்றால் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" என்பதைத்தான் தொட வேண்டும். மேலே பத்திரமாகப் போனவற்றை மட்டும் அது போனில் இருந்து எடுக்கும்.

[மாலை 7:15] அம்மா: தெரியாமல் அழித்துவிட்டால்?

[மாலை 7:16] தம்பி: மேலே பேக்கப் ஆன படம் "பின்" என்ற குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், திருப்பி எடுக்கலாம். ஆகாத படம் 30 நாள்தான்.

[மாலை 7:20] பெரியம்மா: அப்பாவின் குரலை எப்படி எடுக்கிறது? அதை முதலில் சொல்லுங்கள்.

[மாலை 7:28] தம்பி: இரண்டு வழியாலும் எடுப்போம் பெரியம்மா, ஒன்றை நம்பி இருக்க வேண்டாம்.

நாளைக்கு லப்டொப் கொண்டுவருகிறேன். கேபிளால் இணைத்து ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று கொடுத்தால் போனின் உள்ளே போகலாம். ஆண்ட்ராய்டு, மீடியா, கொம்.வட்ஸ்அப் என்று போய்க்கொண்டே இருந்தால் "வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ்" என்று ஒரு ஃபோல்டர். வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து எல்லாருடைய குரலும் அதற்குள் இருக்கும். அதை அப்படியே லப்டொப்பில் பிரதி எடுப்பேன். கஷ்டம் என்னவென்றால், ஃபைல் பெயரில் திகதி இருக்கும், யார் பேசியது என்று இராது.

அதனால் இரண்டாவது வழி. பெரியப்பாவின் உரையாடலுக்குள் போய் மூன்று புள்ளியைத் தொட்டு, "மோர்" என்பதில் "எக்ஸ்போர்ட் சட்" கொடுத்து, மீடியாவுடன் சேர்த்து என்று தெரிவுசெய்தால் அவருடைய உரையாடல் தனியாக வெளியே வரும். மிக நீளமான உரையாடல் என்றால் பழையது முழுக்க வராது. அதோடு போன் நிரம்பியிருக்கும்போது அது இடையில் நின்றுவிடக்கூடும். ஆகவே கேபிள் வேலை முதல், எக்ஸ்போர்ட் பிறகு.

[மாலை 7:30] நான்: இன்றிரவு பெரியம்மா ஒரு வேலை செய்யலாம். பெரியப்பா பேசியதில் உங்களுக்கு ஆக முக்கியமானவற்றை அழுத்திப் பிடித்து நட்சத்திரம் போடுங்கள். நாளைக்கு நாங்கள் எதைத் தேட வேண்டும் என்று அது காட்டும்.

[மாலை 7:31] ரொறன்ரோ அக்கா: ஒரு பிரதி என்னுடைய டிரைவுக்கும் அனுப்பு தம்பி. வீட்டில் ஒன்று, கடல் கடந்து ஒன்று என்று இருக்கட்டும்.

[மாலை 7:32] நிலாவெளி மாமா: என்னிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. அதையும் எடுத்து வருகிறேன்.

[மாலை 7:40] பெரியம்மா: அப்பாடா. சரி, பிறகு எதை அழிக்கிறது?

[மாலை 7:47] நான்: வட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", அதற்குள் "மனேஜ் ஸ்டோரேஜ்". அங்கே 5 எம்பிக்கு மேலானவை எல்லாம் ஒரே இடத்தில் நிற்கும். பலமுறை ஃபோர்வர்ட் ஆனவையும் தனியாக நிற்கும். கீழே எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதில் இருந்து சிறியதாக வரும். போட்டோவை விடுங்கள், வீடியோவில் தொடங்குங்கள். சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வந்தபோது ஒரே வீடியோவை ஊரே எல்லாக் குழுவிலும் போட்டது. உங்களிடம் அது எத்தனை பிரதி இருக்குமோ! நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடலாம்.

[மாலை 7:52] பெரியம்மா: வீடியோ சரி. காலை வணக்கத்தோடு வரும் சாமி படங்களை அழிக்க மனம் வருவதில்லை பிள்ளை. பத்திரகாளி அம்மன், கோணேசர், பிள்ளையார் என்று ஒவ்வொரு நாளும் வரும். அதைக் குப்பை என்று போடுவதா?

[மாலை 7:55] அம்மா: அக்கா, எனக்கும் அப்படித்தான் இருந்தது. பிடித்த அம்மன் படம் ஒன்றை எடுத்து போனின் முகப்பில் வைத்தேன். திறக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் தெரிகிறது. மற்றவை எங்கேயோ அடியில் கிடந்தன, நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமல் அடுக்கி வைப்பதும் மரியாதை இல்லைத்தானே.

[மாலை 7:56] பெரியம்மா: அது சரிதான். எனக்கும் அப்படி ஒன்று வைத்துவிடுங்கள்.

[மாலை 8:02] தம்பி: இனிமேல் சேராமல் இருக்க: அதே "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா"வில் "மீடியா ஓட்டோ டவுன்லோட்" என்று இருக்கும். மொபைல் டேட்டாவுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், வைஃபைக்கு படம் மட்டும் விடுவோம். பேரனின் வீடியோவை நீங்கள் தொட்டால் இறங்கும், மற்றது இறங்காது. டேட்டாவும் மிஞ்சும்.

[மாலை 8:05] நிலாவெளி மாமா: நான் ஒரு கிளீனர் ஆப் போட்டிருக்கிறேன். அக்காவுக்கும் அதைப் போட்டுவிட்டால் என்ன?

[மாலை 8:09] தம்பி: வேண்டாம் மாமா. அந்த வகை ஆப் பலவற்றின் தொழிலே விளம்பரம் காட்டுவதுதான். போட்டோ, தொடர்புகள் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். இடம் பார்க்க வேண்டும் என்றால் கூகுளின் "ஃபைல்ஸ்" ஆப் போதும், பல போன்களில் ஏற்கனவே இருக்கும். உங்கள் போனிலும் அந்த கிளீனரை எடுத்துவிடுங்கள்.

[மாலை 8:10] தம்பி: ஆப் செட்டிங்ஸில் "கிளியர் கேஷ்", "கிளியர் டேட்டா" என்று இரண்டு பட்டன் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் எடுக்கும், பயமில்லை. இரண்டாவதைத் தொட்டால் அந்த ஆப் புதிதாகப் போட்டது மாதிரி ஆகிவிடும். வட்ஸ்அப்பில் அதைத் தொடவே கூடாது.

[மாலை 8:14] நான்: மாமா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். விடுதிக்கு வரும் வெளிநாட்டுக்காரரின் பாஸ்போர்ட்டைப் போனில் படம் எடுக்கிறீர்கள்தானே. போன சீசனில் வந்தவர்களின் படமும் இன்னும் கலரியில் இருக்கிறதா?

[மாலை 8:17] நிலாவெளி மாமா: ஓம், புறாத்தீவுப் படங்களுக்கு நடுவே கிடக்கும். ஏன்?

[மாலை 8:21] நான்: போனைத் திருத்தக் கொடுத்தாலோ தொலைத்தாலோ அந்த மனிதர்களின் பெயர், பிறந்த திகதி, பாஸ்போர்ட் இலக்கம் எல்லாம் வேறொருவர் கையில். உங்களை நம்பித் தந்தவை அவை. பதிவுப் புத்தகத்தில் எழுதி, எவ்வளவு காலம் வைக்க வேண்டுமோ அவ்வளவு காலம் ஹார்ட் டிஸ்கில் பாஸ்வேர்ட் போட்டு வையுங்கள். போனில் வேண்டாம். கலரியில் அழித்த பிறகு "பின்" குப்பைக்கூடையையும் வெறுமையாக்குங்கள், இல்லாவிட்டால் படமும் இருக்கும், இடமும் குறையாது.

[மாலை 8:22] நான்: இது எங்கள் எல்லாருக்கும்தான். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்று எவ்வளவு படம் இந்தக் குழுவிலேயே கிடக்கிறது. பெரியம்மாவின் உறுதியும் கலரியில் இருக்கக் கூடாது.

[மாலை 8:26] நிலாவெளி மாமா: நீ சொல்வது சரி மகள். இன்றிரவே இருந்து செய்கிறேன். அப்படி என்றால் இந்தக் குழுவில் 7 நாளில் தானாக அழியும் மாதிரிப் போடுவோமா?

[மாலை 8:27] பெரியம்மா: ஏழு நாளா! நான் பேரனின் படத்தை மாதக் கணக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

[மாலை 8:31] தம்பி: 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று மூன்று இருக்கிறது. போடும் நாளில் இருந்து வருபவைதான் அழியும், பழையது அப்படியே இருக்கும். ஓட்டோ டவுன்லோட் ஓனில் இருந்தால் குழுவில் இருந்து அழிந்த படமும் கலரியில் நிற்கும். ஆகவே அதை மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை.

[மாலை 8:33] ரொறன்ரோ அக்கா: எனக்கு விருப்பமில்லை. அப்பாவும் இந்தக் குழுவில்தான் பேசியவர். இங்கே தானாக ஒன்றும் அழிய வேண்டாம். நாங்கள் பார்த்து அழிப்போம்.

[மாலை 8:34] அம்மா: நானும் அதே.

[மாலை 8:35] நிலாவெளி மாமா: சரி சரி, விட்டுவிடுவோம்.

[மாலை 8:41] நான்: அதற்குப் பதிலாக இன்னொரு குழு தொடங்குகிறேன், "அவசரம் மட்டும்" என்று. மாரி தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பு, வெள்ளம், வீதி மூடியது, யாருக்காவது மருந்து வேண்டும், இவ்வளவுதான் அதில் வரும். காலை வணக்கம், வாழ்த்து எல்லாம் இங்கேயே வரட்டும், எனக்கும் அவை பிடிக்கும். பெரியம்மாவின் போனில் இந்தக் குழுவின் சத்தத்தை நிறுத்தி, அந்தக் குழுவுக்குச் சத்தம் வைப்போம். அப்போது போன் அடித்தால் ஏதோ அவசரம் என்று தெரியும். குழு விவரத்தில் 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 அம்புலன்ஸ் என்று எழுதிவிடுகிறேன்.

[மாலை 8:43] பெரியம்மா: அது நல்லது. நேற்றும் கரண்ட் நிற்கும் என்று யாரோ போட்டிருந்தார்களாம், வாழ்த்துப் படங்களுக்குள் நான் காணவே இல்லை.

[மாலை 8:44] அம்மா: எனக்கும் ஒரே சத்தம், ஏதேதோ கடை விளம்பரம் எல்லாம் வருகிறது.

[மாலை 8:45] தம்பி: அந்த அறிவித்தலை அழுத்திப் பிடியுங்கள் அம்மா, நிறுத்துவதற்கு அங்கேயே வரும்.

[மாலை 8:52] பெரியம்மா: பதினொரு குரலுக்கு நட்சத்திரம் போட்டுவிட்டேன். இன்னும் இருக்கிறது, கேட்டுக் கேட்டுப் போடுகிறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?

[மாலை 8:54] தம்பி: ஒன்பது மணிக்கு வருகிறேன். கேபிளும் கொண்டு வருகிறேன். மழைக்குக் கரண்ட் போனாலும் போகும், போனை இப்போதே சார்ஜில் போட்டுவிடுங்கள்.

[மாலை 8:55] நிலாவெளி மாமா: நான் பத்து மணி ஆகும். நான் வரும்வரை ஒன்றையும் அழிக்க வேண்டாம், பிரதி ஹார்ட் டிஸ்கிலும் ஏறட்டும்.

[மாலை 8:56] பெரியம்மா: ஓம். எல்லாருக்கும் காலைச் சாப்பாடு இங்கேதான்.